கூட்டுப் பட்டறைக்கு இணையத் தொலைபேசி: கேபிள் இழுப்பது முதல் காவல் போடுவது வரை

ஆளுக்கொரு மொபைல் இருக்கும் காலத்தில் பட்டறைக்கெனத் தனியாக ஒரு தொலைபேசி எதற்கு என்று யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். மொபைல் எண் ஓர் ஆளுக்குச் சொந்தம். பட்டறையோ கைமாறிக்கொண்டே இருப்பது. பலர் சேர்ந்து நடத்தும் பட்டறைகளில் தொடக்கத்தில் ஓர் ஆர்வலரின் மொபைல் எண்தான் பெயர்ப்பலகையில் ஏறும். அவர் விலகிப் போன பிறகும் சரக்கு கொண்டுவருபவர்கள் அவரைத்தான் அழைப்பார்கள். புதிதாகச் சேர விரும்புபவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. இன்னொரு காரணம் அவசரம். லேத் அருகே ஒருவருக்கு அடிபட்டால், பக்கத்தில் இருப்பவர் எண்ணெய்க் கையோடு பையைத் துழாவி மொபைலைத் தேடக் கூடாது. சுவரில் மாட்டிய தொலைபேசி என்றும் அதே இடத்தில் இருக்கும்.

ரவுட்டர், ஸ்விட்ச் என்றால் என்ன என்று அறிந்த, ஆனால் தொலைபேசி அமைப்பை இதுவரை தொட்டிராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலையின் வரிசை முக்கியம். முதலில் பட்டறைக்குள் ஒரு தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் பேச முடிய வேண்டும். அதன் பிறகு வெளி உலகம். அலங்காரங்கள் எல்லாம் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். வரவேற்புக் குரலைப் பதிவு செய்வதிலேயே ஒரு மாலை முழுவதும் போய்விடும். மணி எங்கே அடிக்க வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருக்காது.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

எதையும் வாங்கும் முன் பட்டறையின் தரைப்படத்தை வரையுங்கள். அதில் யார் அழைப்பார்கள், எதற்காக அழைப்பார்கள், யார் எடுப்பார்கள் என்று எழுதுங்கள். சரக்கு கொண்டுவருபவர், பயிற்சி வகுப்பு எப்போது என்று விசாரிப்பவர், வைத்த பொருளைத் தேடும் உறுப்பினர், இரவு பத்து மணிக்கு இரைச்சல் பொறுக்காமல் அழைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று நாலைந்து வகைதான் வரும். ஒவ்வொருவருக்கும் எங்கே மணி அடிக்க வேண்டும், யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு எங்கே போக வேண்டும் என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள்.

தனக்கென ஊழியர் இல்லாத இடத்தில் "யாரும் எடுக்காவிட்டால்" என்பதுதான் உண்மையான கேள்வி. அலுவலகங்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைக் கண்டுகொள்வதில்லை. அங்கே எடுப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார். இங்கே செவ்வாய்க்கிழமை மதியம் உள்ளே இருப்பவர் நேற்றுச் சேர்ந்த உறுப்பினராக இருக்கலாம். அவர் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும், எடுக்காமல் விட்டால் குற்றமா என்பதையும் இந்தத் தாளிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். என் கருத்தில், உள்ளே இருக்கும் எவரும் எடுக்கலாம், எடுக்கத் தெரியாதவர் விட்டுவிடலாம், விட்டது குரல் அஞ்சலாக ஒரு பொது மின்னஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். இதற்கு மேல் விதி வேண்டியதில்லை.

சொந்தமாக நடத்துவதா, வாடகைக்கு எடுப்பதா

தொலைபேசி இணைப்புகளை நடத்தும் மென்பொருளை பிபிஎக்ஸ் என்பார்கள். அதை உங்கள் பட்டறையிலேயே ஒரு சிறு கணினியில் ஓட்டலாம். அல்லது சேவை நிறுவனம் ஒன்று தன் சர்வரில் ஓட்டுவதை மாதக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது வழியில் தொலைபேசிகளைச் செருகிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் வேலை முடிந்தது.

சொந்தமாக நடத்துவது சுவையான வேலை. பட்டறைக்காரர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் அதைப் பராமரிக்கக் குறைந்தது இரண்டு பேர் முன்வராவிட்டால் வாடகைக்கே போய்விடுங்கள். ஒருவர் மட்டும் அறிந்த பிபிஎக்ஸ், அவருடைய மொபைல் எண்ணைப் பலகையில் எழுதியதற்குச் சமம். இனி வருவது சொந்தமாக நடத்த முடிவு செய்தவர்களுக்கு. வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் நெட்வொர்க், கருவி, கோளாறு பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

இரண்டு தனித்தனி ஓட்டங்கள்

ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதி தானாகவே விளங்கிவிடும். இணையத் தொலைபேசியில் அழைப்பை ஏற்படுத்தும் பேச்சு வேறு, குரல் வேறு. "201 உன்னை அழைக்கிறது, எடுக்கிறாயா" என்று கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எஸ்ஐபி என்ற நெறிமுறையில். இதற்கு வழக்கமான போர்ட், அதாவது கருவிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் ஒதுக்கும் வாசல் எண், 5060. மறையாக்கம் செய்தால் 5061. குரல் பயணிப்பது ஆர்டிபி என்ற இன்னொரு நெறிமுறையில். அதற்கு ஒவ்வோர் அழைப்பிலும் வேறு வேறு போர்ட். பின்னால் நிறுவப்போகும் பிபிஎக்ஸ் மென்பொருளான ஆஸ்டரிஸ்க்கில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை ஒதுக்கியிருப்பார்கள். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒன்றும் கேட்கவில்லை என்றால் முதல் ஓட்டம் சரியாக இருக்கிறது, இரண்டாவது எங்கோ அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

குரல் எப்படிப் போகிறது என்பதையும் ஒரு கணம் உற்றுப் பாருங்கள். ஜி.711 என்ற பழைய, எல்லாக் கருவிக்கும் தெரிந்த முறையில் குரல் நொடிக்கு 8000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட். ஆக நொடிக்கு 64 கிலோபிட். இதை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு 160 பைட் என நொடிக்கு 50 பொட்டலங்கள் அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 40 பைட் முகவரிச் சுமை. கூட்டிப் பார்த்தால் ஒரு திசைக்கு 80 கிலோபிட். ஈதர்நெட் கேபிளில் அது ஏறத்தாழ 87 ஆகும். ஒரே நேரத்தில் ஐந்து பேர் வெளியே பேசினாலும் அரை மெகாபிட்டைத் தாண்டாது. ஆகவே தொலைபேசிக்காக வேகமான இணைய இணைப்பு வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேண்டியது நிதானம். அந்த 50 பொட்டலங்களும் சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும்.

கேபிளும் மின்சாரமும்

நிலையாக ஓரிடத்தில் இருக்கும் தொலைபேசிக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள். வைஃபையில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் இருபது பேர் லேப்டாப்போடு வந்து உட்காரும் வகுப்பு நாளில் குரல் வெட்டி வெட்டிக் கேட்கும்போது கேபிளின் அருமை புரியும். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். மின் கம்பியோடு சேர்த்து ஒரே குழாயில் விடாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கச் செய்யுங்கள். உயர் அதிர்வெண்ணில் பொறி கிளப்பும் டிக் வெல்டிங் இயந்திரம் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

ஸ்விட்ச் வாங்கும்போது பிஓஇ வசதி உள்ளதாகப் பாருங்கள். கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் முறை அது. 802.3ஏஎஃப் என்ற தரத்தில் ஸ்விட்சின் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கிடைக்கும். மேசைத் தொலைபேசிக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. இதன் பெரிய பயன் அடாப்டர் மிச்சமாவது மட்டுமில்லை. ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம், பிபிஎக்ஸ் கணினி நான்கையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டால், மின்தடையில் பட்டறை இருட்டானாலும் எல்லாத் தொலைபேசியும் உயிரோடு இருக்கும். நான்கில் மோடத்தை மறந்துவிடுகிறவர்களே அதிகம்.

தொலைபேசிகளுக்குத் தனி விஎல்ஏஎன், அதாவது அதே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க், ஒதுக்குங்கள். உறுப்பினர்கள் கொண்டுவரும் லேப்டாப்புகளும், யாரோ சோதனைக்குச் செருகிய சர்க்யூட் போர்டுகளும் ஓடும் அதே நெட்வொர்க்கில் தொலைபேசிகள் இருக்கக் கூடாது. பிபிஎக்ஸ் கணினிக்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். ரவுட்டரில் குரல் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு இருந்தால் டிஎஸ்சிபி 46 என்று குறியிட்டவற்றை முதல் வரிசையில் விடச் சொல்லுங்கள். அதைவிடப் பலன் தருவது, பதிவேற்ற வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே ரவுட்டரிலேயே கட்டுப்படுத்துவது. அப்போதுதான் யாராவது பெரிய வீடியோவைப் பதிவேற்றும்போது வரிசை மோடத்துக்குள் தேங்காது. பொட்டலம் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடத் தொடங்குவார்கள்.

இரைச்சலுக்கும் தூசிக்கும் ஏற்ற கருவி

பட்டறைக்கு வண்ணத் திரையும் வீடியோவும் உள்ள தொலைபேசி வீண். பெரிய பொத்தான், கனமான ரிசீவர், சுவரில் மாட்டும் வசதி, இவை போதும். மரத்தூள் பறக்கும் இடத்தில் ஒலிபெருக்கி துளைகள் மேல்நோக்கி இருக்கும் கருவி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கம்பியில்லாத் தொலைபேசி வசதிதான். ஆனால் பொதுவிடத்தில் அது சார்ஜரை விட்டுப் போன இடம் யாருக்கும் தெரியாது. சுருள் கம்பியோடு சுவரில் தொங்குவது தொலைந்து போவதில்லை.

மணி கேட்பது இன்னொரு சிக்கல். ரம்பமும் கிரைண்டரும் ஓடும்போது, காதில் இரைச்சல் தடுப்பான் மாட்டியவருக்கு எந்த மணியும் கேட்காது. எஸ்ஐபி அழைப்பு வந்தால் பளிச்சிடும் விளக்குகள் தனியாகவே விற்கின்றன. அவற்றைப் பிபிஎக்ஸில் இன்னொரு தொலைபேசியைப் போலவே சேர்க்கலாம். கைவேலைக்காரர்கள் நிறைந்த இடம் என்பதால் ஒரு ரிலேயும் விளக்கும் வைத்து நீங்களே செய்துகொள்ளவும் முடியும்.

பழைய சாதாரணத் தொலைபேசிகள் யாரிடமாவது கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். ஏடிஏ என்ற சிறு பெட்டி அவற்றை இணையத் தொலைபேசியாக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எஃப்எக்ஸ்எஸ் துளை தொலைபேசியைச் செருகுவதற்கு. எஃப்எக்ஸ்ஓ துளை வெளியிலிருந்து வரும் பழைய தொலைபேசிக் கம்பியைச் செருகுவதற்கு. தொலைபேசிக்கு வேண்டியது முதலாவது.

பிபிஎக்ஸை நிறுவுதல்

ஆஸ்டரிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளை 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கியது, சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி அமைப்பு வாங்கக் காசு போதாத நிலையில். அதே நிலையில் இருக்கும் பட்டறைகளுக்கு அது இன்றும் பொருத்தம். அதன் மேல் இணையப் பக்கம் வழியாக இயக்க உதவும் போர்வை ஃப்ரீபிபிஎக்ஸ். புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். உள்ளமைவுக் கோப்புகளைக் கையால் எழுதுவது பிறகு தானாக வரும்.

பழைய வழிகாட்டிகளில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இரண்டு அடையாளங்கள் போதும். எஸ்ஐபியைக் கையாளும் சான்_சிப் என்ற பகுதியை அமைக்கச் சொன்னால் அந்த வழிகாட்டியை மூடிவிடுங்கள். 2023இல் வந்த ஆஸ்டரிஸ்க் 21இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது பிஜேசிப். அதேபோல சென்ட்ஓஎஸ் 7ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய நிறுவல் தட்டைப் பயன்படுத்தச் சொன்னாலும் வேண்டாம். அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது. ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் நிறுவப்படுகிறது.

கணினி பெரிதாக வேண்டாம். நாலைந்து அழைப்புகளுக்கு யாரோ ஒதுக்கிய பழைய சிறு மேசைக் கணினியே தாராளம். மெமரி கார்டில் ஓடும் ஒற்றைப் பலகைக் கணினியிலும் ஆஸ்டரிஸ்க் ஓடும். ஆனால் ஓயாமல் பதிவேடு எழுதப்படுவதால் கார்டு முன்னறிவிப்பு இல்லாமல் செத்துப்போகும். எஸ்எஸ்டி உள்ள கணினியே என் தேர்வு.

டெபியனைக் குறைந்தபட்ச வடிவில் நிறுவி, ஃப்ரீபிபிஎக்ஸ் தரும் நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். முடிந்ததும் உலாவியில் அந்தக் கணினியின் முகவரியைத் திறந்து நிர்வாகிக் கணக்கு உருவாக்குங்கள். நேர மண்டலத்தை உடனே சரிபாருங்கள். தவறாக இருந்தால் பின்னால் வரும் இரவு விதிகள் எல்லாம் பகலில் ஓடும். எஸ்ஐபி அமைப்புகள் பக்கத்தில் வெளி முகவரி, உள் நெட்வொர்க் என்று இரண்டு இடங்கள் இருக்கும். அவற்றைத் தானே கண்டுபிடிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தி, வந்த விடை சரியா என்று கண்ணால் பாருங்கள். விஎல்ஏஎன் பிரித்திருந்தால் உள் நெட்வொர்க்குகள் ஒவ்வொன்றையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து உள் எண்கள். ஆளின் பெயரில் எண் கொடுக்காதீர்கள், இடத்தின் பெயரில் கொடுங்கள். 201 வாசல், 210 மரவேலை, 220 உலோகம், 230 மின்னணு மேசை, 240 அலுவலக மூலை என்பதுபோல. இடையில் எண் விட்டு வைத்தால் அடுத்த ஆண்டு வாங்கப்போகும் இயந்திரங்களுக்கு இடம் இருக்கும். 1இலும் 9இலும் தொடங்கும் எண்களைத் தவிர்ப்பது நல்லது. 100, 108, 112, 911, 999 போன்ற அவசர எண்கள் உலகெங்கும் அந்த வரிசைகளில்தான் பெரும்பாலும் இருக்கின்றன. அவசரத்தில் 112ஐ அழுத்தியவருக்கு மரவேலை மேசையில் மணி அடிக்கக் கூடாது.

ஒவ்வோர் எண்ணுக்கும் மென்பொருள் தானாக உருவாக்கும் நீண்ட கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். தொலைபேசியின் சொந்த இணையப் பக்கத்தில் பிபிஎக்ஸின் முகவரி, உள் எண், கடவுச்சொல் மூன்றையும் கொடுத்துச் சேமியுங்கள். பதிவானதும் திரையில் எண் தெரியும். இப்போது *43 அழுத்துங்கள். நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்கும். அது எதிரொலிச் சோதனை. கேட்டால் குரல் இரு திசையிலும் ஓடுகிறது. *60 நேரம் சொல்லும். பிறகு 201இலிருந்து 210ஐ அழையுங்கள். இது சரியாகும்வரை வெளி இணைப்பின் பக்கமே போகாதீர்கள்.

வெளி உலகத்துக்கு ஒரு டிரங்க்

பொதுத் தொலைபேசி வலையோடு உங்கள் பிபிஎக்ஸை இணைக்கும் கணக்கை எஸ்ஐபி டிரங்க் என்பார்கள். இணைய அழைப்பைப் பொதுத் தொலைபேசியோடு இணைப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனம்தானா என்று பார்த்து எடுங்கள். கணக்கைப் பட்டறையை நடத்தும் சங்கத்தின் பெயரில் திறங்கள். ஆர்வமிகுதியில் ஒருவர் தன் பெயரிலும் தன் அட்டையிலும் எடுத்துவிட்டால் மறுபடி முதல் பத்தியின் கதைதான். எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு போக முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பணக் கணக்கு கிடைத்தால் அதையே எடுங்கள், தானாகப் பணம் நிரப்பும் வசதியை அணைத்து வையுங்கள். காரணம் பின்னால் வரும்.

நிறுவனம் தரும் பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி மூன்றையும் டிரங்க் பக்கத்தில் கொடுங்கள். உங்கள் இணைப்பின் ஐபி முகவரி மாறக்கூடியது என்றால் பதிவு செய்யும் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் உங்கள் பக்கத்திலிருந்தே தொடர்பு தொடங்குவதால் ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் வெளியே திறந்துவிட வேண்டிய தேவை வழக்கமாக இருக்காது. அதன்பின் உள்வரும் வழி ஒன்று, வெளிச்செல்லும் வழி ஒன்று. உள்வருவது இப்போதைக்கு 201க்குப் போகட்டும்.

வெளிச்செல்லும் வழியில் அவசர எண்களுக்குத் தனி விதி, அதுவும் எல்லாவற்றுக்கும் மேலே. எந்தத் தொலைபேசியிலிருந்தும், முன்னால் எந்த இலக்கமும் சேர்க்காமல் அது போக வேண்டும். டிரங்க் நிறுவனம் பட்டறையின் முகவரியைப் பதிவு செய்யும் வசதி வைத்திருந்தால் மாடி, கதவு எண் உட்பட நிரப்புங்கள். அவசர அழைப்பு சரியான இடத்துக்குப் போகிறதா என்பதைச் சோதிக்க நிறுவனம் தனி எண் தந்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சோதனைக்கு என்ன நடைமுறை என்று அவர்களிடமே கேளுங்கள். விளையாட்டாக அழைத்துப் பார்க்கும் எண் இல்லை அது. இணையம் அறுந்தால் இந்த வழி முழுவதும் அறுந்துவிடும் என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மணி யாருக்கு, எப்போது

தாளில் வரைந்த அம்புகளை இப்போது மென்பொருளில் போடலாம். பல தொலைபேசிகளை ஒரே நேரத்தில் அடிக்க வைக்கும் மணிக் குழு ஒன்று உருவாக்கி, வாசல், மரவேலை, மின்னணு மேசை ஆகியவற்றைச் சேர்த்து 25 நொடி அடிக்க விடுங்கள். எடுக்காவிட்டால் குரல் அஞ்சல். அங்கிருந்து ஒலிக்கோப்பு மின்னஞ்சலாகப் பொதுப் பெட்டிக்கு. நேர விதி ஒன்று வைத்து, பட்டறை மூடிய நேரத்தில் மணியே அடிக்காமல் நேராகக் குரல் அஞ்சலுக்கு அனுப்புங்கள்.

"தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், மரவேலைக்கு இரண்டை அழுத்தவும்" என்ற பட்டியல் சிறு பட்டறைக்கு வேண்டாம். எந்த எண்ணை அழுத்தினாலும் அதே மூன்று பேர்தான் எடுக்கப்போகிறார்கள். அழைப்பவரின் பொறுமையைச் சோதிப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. காத்திருப்பு இசை வைப்பதாக இருந்தால் மென்பொருளோடு வருவதையே வையுங்கள். திரைப்பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. அழைப்பைப் பதிவு செய்யும் வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும். பல நாடுகளில் மறுமுனையில் இருப்பவரின் ஒப்புதல் வேண்டும்.

வாசலில் எஸ்ஐபி கதவுத் தொலைபேசி வைத்தால் உள்ளே இருப்பவர் ஓர் இலக்கத்தை அழுத்திக் கதவைத் திறக்கலாம். அழுத்திய இலக்கம் கதவுக்குப் புரியவில்லை என்றால் இரு பக்கமும் அதை ஒலியாக இல்லாமல் தனிச் செய்தியாக, ஆர்எஃப்சி 4733 என்ற தர முறையில் அனுப்பும்படி மாற்றுங்கள். சில கருவிகளில் இது 2833 என்ற பழைய எண்ணில் இருக்கும். பட்டறைக்கு வெளியே இருந்து வரும் அழைப்பு எதற்கும் அந்தக் கதவைத் திறக்கும் வழி இருக்கக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காவல்

ஒரு பிபிஎக்ஸை 5060 போர்ட் திறந்த நிலையில் இணையத்தில் விட்டுவிட்டு அதன் பதிவேட்டைப் பாருங்கள். அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கிருந்தோ ஒரு நிரல் 100 என்ற எண்ணில் நுழையப் பார்க்கும், பிறகு 101, 102 என வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல்லாக அதே எண்ணையும் 1234ஐயும் முயன்றபடி. சில நிரல்கள் தங்களை "ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்" என்றுகூட அறிமுகப்படுத்திக்கொள்ளும். உங்கள் பேச்சைக் கேட்கும் ஆசை அவர்களுக்கு இல்லை. உள்ளே நுழைந்தால் உங்கள் கணக்கிலிருந்து, நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் வசூலிக்கும் வெளிநாட்டு எண்களுக்கு ஓயாமல் அழைப்பார்கள். அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. யாரும் பார்க்காத வார இறுதி இரவில்தான் இது பெரும்பாலும் நடக்கும். முன்பணக் கணக்கை வற்புறுத்தியது இதற்குத்தான். போனால் இருப்பில் உள்ளது மட்டுமே போகும்.

எனவே வெளிநாட்டு எண்களையும் உயர்கட்டண எண்களையும் வெளிச்செல்லும் வழியில் அடைத்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் ஒருவர் திறந்துகொள்ளட்டும். பெயரில்லா உள்வரும் எஸ்ஐபி அழைப்புகளை அனுமதிக்க வேண்டாம். தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப வரும் முகவரியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓடுகிறதா என்று பாருங்கள். நிர்வாகப் பக்கம் இணையத்தில் திறந்திருக்கவே கூடாது. வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்ட் போன்ற விபிஎன், அதாவது மறையாக்கம் செய்த தனி வழி, மூலமாக வாருங்கள். உறுப்பினர்கள் தங்கள் மொபைலில் செயலி வைத்து உள் எண்ணைப் பயன்படுத்த விரும்பினாலும் அதே வழிதான். தொலைபேசிக் கருவிகளின் சொந்தப் பக்கங்களில் ஆலை வைத்த "அட்மின்" கடவுச்சொல்லை மாற்றுங்கள். குரல் அஞ்சல் பின் எண் உள் எண்ணாகவே இருந்தால் அதையும்.

கோளாறு பார்ப்பது

பிபிஎக்ஸ் கணினியில் எஸ்என்கிரெப் என்ற சிறு கருவியை நிறுவிக்கொள்ளுங்கள். அழைப்பின் எஸ்ஐபி பேச்சை ஏணிப் படமாகக் காட்டும். முதல்முறை பார்ப்பவர்கள் 401 என்ற விடையைக் கண்டு பதறுவார்கள். பதற வேண்டாம். கடவுச்சொல் இல்லாமல் வரும் முதல் கோரிக்கைக்குச் சர்வர் 401 சொல்வதுதான் முறை. தொலைபேசி கடவுச்சொல்லின் சான்றோடு மறுபடி கேட்கும், 200 வரும். இரண்டாம் முறையும் 401 அல்லது 403 வந்தால்தான் கடவுச்சொல் தவறு. 404 அந்த எண்ணே இல்லை என்பதற்கு, 486 பேச்சில் இருக்கிறார் என்பதற்கு, 408 விடையே வரவில்லை என்பதற்கு.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் ரவுட்டரின் நேட் பக்கம் பாருங்கள். உங்கள் பிபிஎக்ஸ் "குரலை 192.168.1.20க்கு அனுப்பு" என்று வெளி நிறுவனத்திடம் சொல்லியிருக்கும். அது பட்டறைக்குள் மட்டுமே பொருள்படும் முகவரி. முன்பு சொன்ன வெளி முகவரி, உள் நெட்வொர்க் இரண்டையும் மறுபடி பாருங்கள். கூடவே எஸ்ஐபி செய்திகளை இடையில் திருத்தும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பு ரவுட்டரில் இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவுவதற்காகச் சேர்க்கப்பட்டது அது. உதவுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அழைப்பு நன்றாகத் தொடங்கி, எப்போதும் 32ஆவது நொடியில் அறுகிறதா? இதை மாயம் என்று நினைப்பவர்கள் உண்டு. எஸ்ஐபியில் அழைப்பை எடுத்தவர் 200 அனுப்பியதும், அழைத்தவர் "கிடைத்தது" என்று ஓர் ஒப்புகை அனுப்ப வேண்டும். அது வந்து சேராவிட்டால் எடுத்த பக்கம் 200ஐத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, அரை நொடியின் 64 மடங்கில் கைவிட்டுவிடும். அதாவது 32 நொடி. ஏணிப் படத்தில் 200 பலமுறை தோன்றுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒப்புகை தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மருந்து மேலே சொன்ன அதே வெளி முகவரி அமைப்பு. மாறாகப் பதினைந்தாவது அல்லது முப்பதாவது நிமிடத்தில் சொல்லிவைத்தாற்போல் அறுந்தால், அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கும் அமர்வுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

காலையில் அழைப்பு வருகிறது, சற்று நேரம் சும்மா இருந்த பிறகு வரவில்லை, வெளியே ஓர் அழைப்பு போட்டதும் மறுபடி வருகிறது. இது ரவுட்டரின் மறதி. எஸ்ஐபி செய்திகள் வழக்கமாகப் போகும் யுடிபி வழி பயன்படாமல் கிடந்தால் அதைச் சில ரவுட்டர்கள் அரை நிமிடத்திலேயே மூடிவிடும். டிரங்கை உயிர்ப்போடு வைக்கும் சோதனைச் செய்தியை 25 நொடிக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னால் தீரும்.

குரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் பதிவேற்ற நெரிசல், அல்லது வைஃபை. எதிரொலி கேட்டால் ஒலிபெருக்கியில் பேசுகிறவரைக் கண்டுபிடியுங்கள்.

ஒப்படைப்பு

எல்லாம் ஓடத் தொடங்கியதும் காப்புப் பிரதி எடுக்கும் வசதியை இயக்கி, அது வேறொரு கணினிக்கு வாரந்தோறும் போகும்படி வையுங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில், அமைப்பை நிறுவாத அந்த இரண்டாவது ஆளிடம் ஒரு வெற்றுக் கணினியையும் காப்புப் பிரதியையும் மட்டும் கொடுத்து மீட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரிகள்தான் உங்கள் குறிப்பேட்டில் இல்லாதவை. டிரங்க் கணக்கின் கடவுச்சொல், ரவுட்டரின் கடவுச்சொல், எண்ணைப் பதிவு செய்த மின்னஞ்சல் ஆகியவை சங்கத்தின் பொதுக் கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு தொலைபேசிக்கும் மேலே ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டுங்கள். பெரிய எழுத்தில் அவசர எண், அதன் கீழே பட்டறையின் முழு முகவரி, எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்ற ஒரு வரி, இந்தத் தொலைபேசியின் உள் எண், மற்ற உள் எண்கள். பதற்றத்தில் இருப்பவருக்குத் தான் நிற்கும் இடத்தின் முகவரி நினைவுக்கு வராது. ஒரு மாதம் கழித்து அழைப்புப் பதிவேட்டைத் திறந்து, மணிக் குழுவில் இதுவரை ஒருமுறைகூட எடுக்கப்படாத தொலைபேசி எது என்று பாருங்கள். அதைக் கழற்றி, ஆள் நடமாட்டம் உள்ள வேறு சுவருக்கு மாற்றுங்கள்.